வீரத் துறவி சுப்பிரமணிய சிவா: ஒரு சித்திர அஞ்சலி

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி, நாட்றாம்பாளையம்)

பென்னாகரம் பேருந்து நிலையத்தில் 'பாப்பாரப்பட்டி' என்னும் பெயர்ப் பலகையைத் தாங்கி நிற்கும் பேருந்தை நம் பள்ளி மாணவியரில் பலர் பார்த்திருப்பீர்கள். எங்கள் நாட்றாம்பாளையத்திலிருந்து காட்டுப் பாதையில் ஒகேனக்கல் சென்று, அங்கிருந்து பென்னாகரம் ஏறி, மறு பேருந்து பிடித்தால் பாப்பாரப்பட்டியை அடைந்துவிடலாம். ஊரில் சந்தை உண்டு, கடைவீதி உண்டு, சுற்றிலும் மலையும் மானாவாரி நிலமும் உண்டு. பார்வைக்கு நம் ஊர்களைப் போன்றதே. ஆயினும் அவ்வூர் மண்ணில்தான், பாரத விடுதலைக்காகத் தம் உடலைச் சிறிது சிறிதாகத் தந்த ஒரு பெருமகனார் உறங்குகிறார். அவரே தியாகி சுப்பிரமணிய சிவா.

சென்ற அக்டோபர் 4-ஆம் நாள், அவருடைய பிறந்த நாளன்று, எங்கள் வகுப்பின் சுவர்ப் பத்திரிகையில் அவர் வாழ்க்கையை ஆறு படங்களாக வரைந்து வைத்தோம். வரைந்தவள் என் பக்கத்து இருக்கைத் தோழி. படங்களுக்குக் கீழே விளக்கம் எழுதும் வேலை எனக்கு. அந்த ஆறு படங்களும் இம்மலரில் இடம் பெறுவதால், சுவரில் எழுத இடம் போதாத செய்திகளையும் சேர்த்து எழுதுமாறு எங்கள் தமிழாசிரியை பணித்தார். நான்காவது படத்தால் வகுப்பில் எழுந்த வழக்கையும் எழுதலாமா என்று கேட்டேன். "அதையும் எழுதினால்தான் கட்டுரை" என்றார்.

முதற் படத்தில் ஒரு சிறுவன் புத்தகப் பையுடன் நிற்கிறான். 1884-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் மதுரைச் சீமையைச் சேர்ந்த வத்தலக்குண்டில் இராஜம் ஐயருக்கும் நாகம்மாளுக்கும் மகனாகப் பிறந்தவர் இவர். வத்தலக்குண்டு இப்போது திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ளது. இயற்பெயர் சுப்பராமன். வீட்டில் வறுமை. பிள்ளைப் பருவத்திலேயே திருவனந்தபுரம் சென்று, இலவசச் சோறு கிடைத்த இடத்தில் உண்டு படித்தார் என்று படிக்கும்போது, நம் விடுதியில் வரிசையில் தட்டேந்தி நிற்கும் தங்கைகள் என் நினைவுக்கு வந்தார்கள். சதானந்தர் என்ற துறவியின் தொடர்புக்குப் பிறகு சுப்பராமன் சுப்பிரமணிய சிவா ஆனார்.

இரண்டாம் படம் கடற்கரைக் கூட்டம். திருவிதாங்கூரில் தேச விடுதலை பற்றி இளைஞர்களிடையே பேசிய காரணத்தால் சமஸ்தானத்தை விட்டு வெளியேறும்படி அவருக்கு உத்தரவாயிற்று. வெளியேறியவர் ஊர் ஊராகப் பேசிக்கொண்டே தூத்துக்குடி வந்து சேர்ந்தார். அங்கே 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியிருந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை அவரைத் தம் இல்லத்தில் ஏற்றுக்கொண்டார். ஒருவர் வழக்கறிஞர், செல்வர். மற்றவர் உடுத்த துணியன்றி வேறில்லாதவர். கடற்கரையில் மாலைதோறும் இருவரும் பேசினார்கள். கேட்க ஆயிரக்கணக்கில் மக்கள் திரண்டனர். ஒலிபெருக்கி இல்லாத காலம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

1908-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் தூத்துக்குடி கோரல் நூற்பாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். குறைந்த கூலி, நீண்ட வேலை நேரம், வாரத்தில் ஒரு நாள்கூட ஓய்வில்லாமை ஆகியவை அவர்தம் குறைகள். சிவாவும் சிதம்பரனாரும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். ஒன்பது நாட்களில் நிர்வாகம் இறங்கி வந்து கூலியை உயர்த்தியது. எங்கள் ஊரிலிருந்து ஓசூர்ச் சிப்காட் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் அண்ணன்மார்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து துணி துவைத்துப் போட்டுவிட்டு மரத்தடியில் உறங்குவார்கள். வார விடுமுறை என்பது யாரோ கேட்டுப் போராடி வந்தது என்று எனக்கு இதைப் படிக்கும் வரை தெரியாது. அது மழை வெயில் போல் தானாக வருவது என்றே நினைத்திருந்தேன்.

அதே ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலை 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்புக் கூறினார். சிவாவுக்குப் பத்தாண்டுத் தீவாந்தர தண்டனை. சிதம்பரனாருக்கு இரண்டு ஆயுள் தண்டனைகள், அதாவது இருபதும் இருபதுமாக நாற்பது ஆண்டுகள். அவற்றுள் ஒன்று அரச நிந்தனைக்காக. மற்றொன்று சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக! வீட்டில் இடம் கொடுத்துச் சோறு போட்ட நட்புக்கு இருபதாண்டு விலை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து சிவாவுக்கு ஆறாண்டாயிற்று.

மூன்றாம் படத்தில் சிறைக் கம்பிகள் மட்டுமே உள்ளன. உள்ளே ஆளை வரையவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அப்போதுதானே நோய் வந்தது, எந்த முகத்தை வரைவது?" என்றாள் என் தோழி. திருச்சி, சேலம் சிறைகளில் கடுமையான வேலைகளைச் செய்து வந்த காலத்தில்தான் அவருக்குத் தொழுநோய் வெளிப்பட்டது. சிறை வேலையே நோயைத் தந்தது என்று பல நூல்கள் கூறும். எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டபோது, தொழுநோய்க் கிருமி உடலினுள் புகுந்து ஆண்டுக் கணக்கில் ஓசையின்றி இருந்துவிட்டுப் பிறகே வெளியில் தோன்றும் என்றும், ஆகவே எங்கே தொற்றிற்று என்பதை உறுதியாகக் கூற இயலாது என்றும் விளக்கினார். ஆனால் நல்ல உணவும் மருத்துவமும் இல்லாத சிறையில் அது முற்றியது என்பதில் ஐயமில்லை.

1912-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் விடுதலையாகி வெளியே வந்தபோது அவருக்கு வயது இருபத்தெட்டு. அதே ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் சிதம்பரனாரும் விடுதலை பெற்றார். 'கப்பலோட்டிய தமிழன்' திரைப்படத்தில் (1961) சிவாவாக டி. கே. சண்முகம் நடித்திருக்கிறார். சிறை வாயிலில் காத்து நிற்கும் நோயுற்ற உருவத்தைச் சிதம்பரனாருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை என்பதாக அதில் ஒரு காட்சி வரும். தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது என் தந்தையார் எழுந்து வெளியே போய்விட்டார். அழுகையை மறைக்கப் போகிறார் என்று நினைத்தேன். வேறு காரணமும் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

இனி வழக்குக்குக் காரணமான நான்காம் படம்.

விடுதலைக்குப் பின் சிவா சென்னையில் குடியேறி 1913-இல் 'ஞானபானு' என்ற மாத இதழைத் தொடங்கினார். அப்போது புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த மகாகவி பாரதியாரின் எழுத்துகள் அதில் வெளிவந்தன. பாரதியாரின் பத்திரிகைகள் முடங்கிக் கிடந்த காலத்தில் அவர் எழுத்துக்கு இடம் தந்த இதழ் அது. 'இராமாநுஜ விஜயம்', 'மத்வ விஜயம்' முதலிய நூல்களையும் சிவா இயற்றினார். பேனாவைப் பிடிக்கும் விரல்களே நோயுறும் விரல்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். 1915-இல் அவர் மனைவி மீனாட்சியம்மை மறைந்தார். அதன்பின் காவி உடுத்தார். 'சுதந்திரானந்தர்' என்பது அவர் பூண்ட துறவுப் பெயர். முக்திக்குத் துறவு பூணுவார் உண்டு, விடுதலைக்குத் துறவு பூண்டவர் இவர். 1921-இல் மீண்டும் சிறை சென்றார்.

நோய் முற்றியது. தொற்று நோயாளி என்று கூறி அவர் இரயிலில் பயணம் செய்யலாகாது என அரசு தடுத்தது. மேடைக்கு மேடை செல்வதே உயிராகக் கொண்ட ஒருவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. அவர் என்ன செய்தார்? நடந்தார். நடக்க இயலாதபோது கட்டை வண்டியில் சென்றார். வழியில் ஊர் தென்பட்டால் பேசினார். இப்படியே தமிழ்நாடெங்கும் சுற்றினார்.

இந்த நடையைத்தான் நான்காம் படமாக வரைய முடிவு செய்தோம். என் தோழி வரைந்து வந்தாள். தாடி, தலைப்பாகை, காவியுடை, கையில் கோல். கோலைப் பற்றிய கையில் துணிக் கட்டு. விரல்கள் மடங்கியும் சில குறைந்தும் இருந்தன. கால் விரல்களும் அவ்வாறே.

வகுப்பில் ஒரே கூச்சல்! "ஒரு தலைவரை இப்படியா வரைவது?" என்றார்கள் சிலர். "சிறு பிள்ளைகள் பயப்படுவார்கள்" என்றார்கள் சிலர். "காந்தித் தாத்தாவை வரைந்தால் பல் இல்லாமல் வரைகிறோமே, அது மட்டும் சரியா?" என்று என் தோழி கேட்டாள். அதற்கு ஒருத்தி, "பல் விழுவது வயது. இது அந்த நோய்" என்றாள். 'அந்த நோய்' என்று அவள் சொன்ன விதம்தான் என்னைத் தைத்தது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். பெயரைச் சொல்ல மாட்டார்கள்.

இதை எழுத என் பாட்டியிடம் அனுமதி பெற்றே எழுதுகிறேன். என் தந்தையைப் பெற்றவரை நாங்கள் ஆயா என்று அழைப்போம். ஆயா விறகடுப்பிலிருந்து ராகிக் களிச் சட்டியைத் துணி பிடிக்காமல் வெறுங்கையால் இறக்கி வைப்பார். "எங்கள் ஆயாவுக்கு இரும்புக் கை" என்று நானும் தம்பியும் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். விருந்தாளிகளைக் கூப்பிட்டுக் காட்டியும் இருக்கிறோம். நான் எட்டாம் வகுப்பில் படித்தபோது ஒரு நாள் ஆயாவின் உள்ளங்கையில் தோல் வெந்து சுருண்டிருந்தது. "எப்போ சுட்டுச்சு ஆயா?" என்றேன். "தெரியல கண்ணு" என்றார். சுடவேயில்லையாம்.

முதுகிலும் முழங்கையிலும் வெளிறிய படைகள் பல ஆண்டுகளாக இருந்திருக்கின்றன. தேமல் என்று கூறி மூடி மறைத்திருக்கிறார். என் தந்தையாருக்கும் ஐயம் இருந்திருக்கிறது. வீட்டில் பெண் குழந்தை இருக்கிறதே, நாளைக்கு யார் சம்பந்தம் பேச வருவார்கள் என்று அவரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பெண் குழந்தை நான்தான். என் கலியாணத்துக்காக ஆயாவின் கை வெந்திருக்கிறது.

பிறகு ஊருக்கு வரும் சுகாதாரச் செவிலியரிடம் என் தாயார் துணிந்து சொல்லிவிட்டார். செவிலியர் ஆயாவைக் கண்ணை மூடச் சொல்லி, பேனா நுனியால் படையின்மேல் மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொன்னார். ஆயா காத்துக்கொண்டே இருந்தார். தொட்டு முடிந்த பின்னும் "இன்னும் தொடலையா தாயி?" என்று கேட்டார்.

தொழுநோய் எப்படிப்பட்டது என்பதை இவ்விடத்தில் சற்று விளக்க வேண்டும். இது பாவத்தின் பலனும் அன்று, பரம்பரை நோயும் அன்று. ஒரு கிருமியால் வருவது. அக்கிருமியை 1873-ஆம் ஆண்டு நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் கண்டறிந்தார். (நம் பள்ளியில் மறைக்கல்வி வகுப்பில் புனித தமியான் அடிகளாரின் வரலாறு படித்திருப்பீர்கள். பெல்ஜியத்தில் பிறந்த அவர் தொழுநோயாளர்கள் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மொலக்காய்த் தீவில் கால் வைத்ததும் அதே 1873-இல்தான்! தமக்கும் அந்நோய் வந்து 1889-இல் இறந்தார். 2009-இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.) இக்கிருமி தோலின் கீழுள்ள நரம்புகளைத் தாக்குகிறது. உணர்ச்சி போய்விடுகிறது. சுட்டால் தெரியாது, முள் குத்தினால் தெரியாது, செருப்பினுள் கல் இருந்தால் தெரியாது. புண் மேல் புண் வந்து சீழ் பிடித்து எலும்பு தேய்கிறது. விரல்கள் நோயால் தாமாக உதிர்ந்து விழுவதாக நாம் நினைக்கிறோம். அவ்வாறன்று. வலி என்ற காவலாளி இல்லாத வீட்டில் திருடன் புகுவது போலத்தான் அது.

இந்த உண்மையை உலகுக்கு எடுத்துக் காட்டிய மருத்துவர்களுள் முக்கியமானவர் பால் பிராண்ட். அவர் பிறந்தது நம் பழைய சேலம் மாவட்டத்துக் கொல்லிமலையில், 1914-இல்! வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றி, மடங்கிப்போன விரல்களை அறுவை மூலம் நிமிர்த்தும் முறையை வளர்த்தவர் அவர். வலி இறைவன் தந்த கொடை என்பது அவர் கருத்து. போன மாதம் எனக்குப் பல் வலி வந்தபோது இக்கருத்தை என்னால் முழுமனத்தோடு ஏற்க முடியவில்லை. ஆயாவின் கையைப் பார்க்கும்போது ஏற்கிறேன்.

சிவாவின் காலத்தில் இதற்கு மருந்து என்று இருந்தது நீரடிமுத்து எண்ணெய்தான். அதனால் நோய் தீரவில்லை. மனிதரை ஒதுக்கி வைப்பதற்கோ சட்டமே இருந்தது. 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016-ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. இன்று கூட்டு மருந்துச் சிகிச்சை இருக்கிறது. 1981-இல் உலக நலவாழ்வு நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அம்மாத்திரைகளை இலவசமாகத் தருகிறார்கள். படைகள் சிலவே இருந்தால் ஆறு மாதம், மிகுதியாக இருந்தால் பன்னிரண்டு மாதம் உட்கொள்ள வேண்டும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை போய்விடும். மனிதரில் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோயை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. ஆயாவுக்குப் பன்னிரண்டு மாதம். மாத்திரையால் தோல் சற்றுக் கறுத்தது. "வயசான காலத்துல கறுத்தா என்ன, வெளுத்தா என்ன" என்று சிரித்தார். இப்போது முழுவதும் குணமாகிவிட்டது. ஆனால் மரத்துப்போன இடத்தில் உணர்ச்சி திரும்பவில்லை. முன்னமே சொல்லியிருந்தால் அதையும் காத்திருக்கலாம் என்றார் செவிலியர். என் தந்தையார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இவை அனைத்தையும் வகுப்பில் எழுந்து நின்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பொய் சொல்வானேன்! "கட்டைப் போட்டபடியே இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வழக்கு தலைமையாசிரியை அருட்சகோதரியிடம் சென்றது. சிஸ்டர் படத்தை வெகு நேரம் பார்த்தார். பயந்து போவார்கள் என்று சொன்ன மாணவியரையே அழைத்து, "இவரை இரயிலில் ஏற்ற மாட்டோம் என்றார்கள். நம் சுவரிலும் ஏற்ற மாட்டோமா?" என்று கேட்டார். யாரும் பதில் பேசவில்லை. படம் ஏறியது.

இங்கே ஒன்று சொல்ல விரும்புகிறேன். சிவாவின் நோயை மறைத்து வரைந்தால் அவர் செய்ததில் பாதி மறைந்துவிடும். நல்ல காலுடையவர் நடந்தார் என்றால் அதில் என்ன இருக்கிறது? நாங்களும் நடக்கிறோம். பேருந்து வராத நாளில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மலைப் பாதையில் நடக்காத நடையா? புண்ணான காலோடு, ஊருக்குள் தண்ணீர் தருவார்களோ மாட்டார்களோ என்ற நிலையில் நடந்து, அந்த ஊரிலேயே நின்று நாட்டைப் பற்றிப் பேசினார். ஒளிந்துகொள்ள அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவர் கூட்டத்தின் நடுவே போய் நின்றார்.

ஐந்தாம் படம் பாப்பாரப்பட்டி. சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததாய் அன்று இருந்த அவ்வூரில் அவருக்கு அன்பர்கள் வாய்த்தார்கள். அவர்கள் துணையுடன் நிலம் பெற்று 'பாரதபுரம்' என்று பெயரிட்டுப் பாரத ஆசிரமத்தை நிறுவினார். சாதி மத வேறுபாடின்றி எல்லாரும் வந்து வழிபடப் பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்ப வேண்டும் என்பது அவர் கனவு. 1923-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் வங்கத்துத் தலைவர் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அங்கே வந்து அடிக்கல் நாட்டினார். கல்கத்தாவிலிருந்து நம் பக்கத்து ஊருக்கு ஒரு பெருந்தலைவர் வந்தார் என்பது இன்று நினைத்தாலும் வியப்பாக இல்லையா! எங்கள் ஊருக்கு வட்டாட்சியர் வந்தாலே ஒரு வாரம் பேசிக்கொண்டிருப்போம்.

கோயில் எழும்பவில்லை. அதற்குப் பணம் திரட்ட நோயுற்ற உடலோடு மீண்டும் ஊர் ஊராய்ப் போனார். 1925-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் தேசபந்து காலமானார். ஐந்து வாரம் கழித்து, ஜூலை 23-ஆம் நாள், சிவாவும் பாப்பாரப்பட்டியில் கண் மூடினார். நாற்பத்தொன்று நிறையவில்லை.

ஆறாவது படம் அங்குள்ள அவருடைய நினைவு மண்டபம். ஆசிரம நிலத்தில் அரசு பிற்காலத்தில் பாரத மாதா நினைவாலயமும் அமைத்துள்ளது. சுவர்ப் பத்திரிகை வேலைக்காக நானும் தோழியும் அவளுடைய அண்ணனும் ஒரு சனிக்கிழமை அங்கே சென்றோம். ஆயாவும் எங்களோடு வந்தார். ஒகேனக்கல் வரை சாலையில் யானை வருமோ என்ற பயம், பிறகு பென்னாகரத்தில் கடலை மிட்டாய், அப்புறம் பாப்பாரப்பட்டி. இடம் அமைதியாக இருந்தது. தோழி தரையில் அமர்ந்து மண்டபத்தை வரைந்தாள். ஆயா சிவாவின் உருவத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் அவர் கதையைச் சொன்னேன். திருவனந்தபுரத்தைச் சொன்னேன், தூத்துக்குடியைச் சொன்னேன், சிறையைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினார். நோயைச் சொன்னபோது 'ம்' வரவில்லை. இரயிலில் ஏற்றாமல் நடந்தே போனதைச் சொன்னதும் என் பக்கம் திரும்பினார்.

"அவ்வளவு தூரம் நடந்தாரே, காலுக்குச் செருப்புப் போட்டிருந்தாரா கண்ணு?"

தோழி தன் பையிலிருந்து நான்காம் படத்தை எடுத்துக் காட்டினாள். அதில் வெறுங்கால்தான் வரைந்திருந்தாள்.

"வெறுங்காலா விடாதீங்க பாப்பா. கல்லு குத்தினாத் தெரியாது. போட்டு வரைங்க" என்றார் ஆயா. மரத்த பாதத்துக்கென்று அரசு தந்த மெத்தென்ற ரப்பர்ச் செருப்பைத் தம் காலிலிருந்து கழற்றி, பார்த்து வரைவதற்காகத் தோழியின் முன் வைத்தார்.

இம்மலரில் வெளியாகியுள்ள நான்காம் படத்தை உற்றுப் பாருங்கள். பின்புறம் வாருள்ள அந்தச் செருப்பு எங்கள் ஆயாவுடையது.